எலி கிழித்த மூட்டையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுத்தது

மாமரம் பூ எடுக்கும்போது சாம்பல் நோய்க்குத் தூவலாம் என்று கந்தகத் தூள் ஒரு மூட்டை வாங்கி மோட்டார் ரூமில் போட்டிருந்தோம். பக்கத்திலேயே போன பட்டத்தில் மீந்த யூரியா, பொட்டாஷ் சாக்குகள். எலி எல்லாவற்றையும் கடித்திருக்கிறது, ஐப்பசி மழையில் கூரை ஓடும் ஒழுகியிருக்கிறது. மூட்டையின் மேல்பாதி நன்றாக இருந்ததால் அதை டிரம்மில் மாற்றியாயிற்று. கீழே கொட்டியதுதான் வம்பு. யூரியா, பொட்டாஷ், தரைச் செம்மண், எலிப் புழுக்கை, சாக்கு நார் எல்லாம் கலந்து, கூட்டி அள்ளி நிறுத்துப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ இருந்தது.

"இதைப் போய்க் கூட்டி அள்ளிக்கிட்டு இருக்கியே, ஓரமா கொட்டித் தீ வெச்சு விடுடா" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் தோட்டமும் தோட்டமும் வரப்பளவு இடைவெளியில் இருப்பவை. அந்தப் புகை காற்றோடு போனால் முதலில் கருகுவது பெரியப்பாவின் கொழுந்தாகத்தான் இருக்கும். புதைக்கலாம் என்றால், மண்ணில் இருக்கும் பாக்டீரியா கந்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலமாக்கிவிடும். களர் நிலத்தில் பரப்பிப் போட்டால் அது நல்லதுதான், காரத்தன்மையைக் குறைக்கும். ஒரே குழியில் ஆறு கிலோ கிடந்தால் அந்த இடத்தில் புல்கூட முளைக்காது.

கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. கந்தகத்தைக் கலவையிலிருந்து பிரிக்க எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பதில்தான்: கார்பன் டை சல்ஃபைடில் கரைத்து வடிகட்டு. அது இல்லாமல், தோட்டத்தில் கிடைப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க நினைத்தேன். காசுக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். எரிவாயுவுக்கும் டொலுயீன் என்ற கரைப்பானுக்கும் ஆன செலவில் புது மூட்டையே வாங்கியிருக்கலாம்.

கார்பன் டை சல்ஃபைடு ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கரைப்பதில் அதை அடிக்க ஆளில்லை. அறை வெப்பத்தில் 100 கிராம் அந்தத் திரவம் சுமார் 40 கிராம் கந்தகத்தை விழுங்கும். ஆனால் 46 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை, ஏறக்குறைய 90 டிகிரியில் தானாகவே பற்றும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் சூடே போதும். மூச்சில் போனால் நரம்பையும் கெடுக்கும். மாந்தோப்பில் வைத்துக் கையாளும் பொருள் இல்லை அது.

முதலில் 100 கிராம்

மொத்தத்தையும் வாளியில் கொட்டுவதற்கு முன்னால் 100 கிராம் மட்டும் எடுத்து, என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கலந்திருப்பவற்றில் நைட்ரேட் ஏதாவது உண்டா? பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட், அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரம் எதுவும் அந்த அறையில் இருந்ததில்லை என்பது உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இறங்கினேன். கந்தகமும் நைட்ரேட்டும் சேர்ந்தால் பாதி வெடிமருந்து ஆயிற்று, சூடாக்குகிற பேச்சே கூடாது. குளோரேட் என்றால் உரசுவதே ஆபத்து. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத குப்பை என்றால் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று, காய்ந்த தூளை முறத்தில் புடைப்பது, சல்லடையில் சலிப்பது எதையும் செய்யவில்லை. கந்தகத் தூள் காற்றில் மிதந்தால் சின்னப் பொறி பட்டாலே குப்பென்று பற்றும். கண்ணில் பட்டால் எரிச்சல் அன்று முழுக்கப் போகாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் சாக்கு நாரையும் புழுக்கையையும் பொறுக்கினேன். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றும் கடைசிவரை போட்டிருந்தேன்.

யூரியாவும் பொட்டாஷும் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் யூரியாவை 100 கிராமுக்கு மேல் ஏற்கும், பொட்டாஷை 34 கிராம் ஏற்கும். கந்தகம் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். எட்டு அணுக்கள் வளையமாகக் கோத்துக்கொண்ட மூலக்கூறு அது. மின்னேற்றம் எதுவும் ஒரு பக்கமாகச் சாயாததால் தண்ணீருக்குப் பிடித்து இழுக்க ஒரு கொக்கி கிடைப்பதில்லை. அப்படியென்றால் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் உரம் போய்விடும், கந்தகமும் மண்ணும் தங்கிவிடும். காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

ஊற்றிப் பார்த்தால் கந்தகம் நனையவே மாட்டேன் என்கிறது. கந்தகத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு, 2.07. சட்டப்படி மூழ்க வேண்டும். ஆனால் தூளாக இருக்கும்போது தண்ணீர் அதன்மேல் ஒட்டாது, துகளைச் சுற்றிக் காற்று தங்கிவிடும், மொத்தமும் மேலே படர்ந்து மிதக்கும். மழையில் இறுகிய கட்டிகளில் இன்னும் மோசம். ஒரு கட்டியை வாளியில் ஊறவைத்து எடுத்து உடைத்தேன். வெளியே சொட்டச் சொட்ட ஈரம், உள்ளே நடுவில் யூரியா மணி ஒன்று உலர்ந்தபடி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த கந்தகம் தண்ணீரை உள்ளே விடவில்லை.

நனைய வைக்க வழி இருக்கிறது. ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்டால், மிதக்கிற மஞ்சள் படலம் அந்த இடத்தில் விரிந்து கிழிந்து, கண் முன்னாலேயே திரள் திரளாக அடிக்கு இறங்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது. ஸ்பிரிட்டும், அதாவது எரிசாராயமும், இதையே செய்யும். எரிசாராயத்தில் கந்தகம் கரைவது மிகக் குறைவு, ஆனால் அது கந்தகத்தை நனைக்கும். 100 கிராம் மாதிரியில் சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது என்பதால் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றி நனைத்து, பிறகு தண்ணீரில் கழுவினேன்.

கழுவியது போதுமா என்று பார்க்க, கடைசியாகக் கழுவிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் வற்ற விட்டு வெள்ளையாகப் படிகிறதா என்று பார்க்கலாம். எங்கள் போர் தண்ணீரில் இந்தச் சோதனை செல்லாது. கிருஷ்ணகிரி, தருமபுரித் தண்ணீரின் உப்பைப் பற்றி ஊருக்கே தெரியும், எதுவும் கலக்காமல் வற்ற விட்டாலே தட்டில் வெள்ளை பூத்துவிடும். கேன் தண்ணீர் வாங்கிக் கழுவினேன்.

100 கிராமில் தண்ணீரோடு போனது 27 கிராம். மீதி 73 கிராம் மண்ணும் கந்தகமும்.

மிதப்பதை எடுப்பது

இங்கேதான் ஒன்று புரிந்தது. கழுவ வேண்டுமென்றால் கந்தகம் நனைய வேண்டும். மண்ணிலிருந்து பிரிய வேண்டுமென்றால் கந்தகம் நனையவே கூடாது. ஒரே வாளியில் இரண்டையும் கேட்க முடியாது. பெரிய அளவில் செய்யும்போது நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு இல்லை, ஸ்பிரிட் இல்லை. கட்டிகளைத் தண்ணீருக்கு அடியில் வைத்துக் கையாலேயே நசுக்கி நசுக்கி உதிர்ப்பது, உள்ளே இருக்கும் உரம் அப்படியே கரைந்து போகட்டும் என்று. சுரங்கங்களில் தாமிரத் தாதுவைத் தூளாக்கி நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பதும் நனையாத குணத்தை நம்பித்தான். அங்கே தாதுத் துகளில் ஒட்டுகிற சரக்கைப் போட்டு அந்தக் குணத்தை வரவழைக்கிறார்கள், கந்தகத்துக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

அகலமான பிளாஸ்டிக் டப்பில் நீர் நிரப்பி, நசுக்கிய கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினேன். யூரியா கரையக் கரையத் தண்ணீர் சில்லென்று ஆகிவிட்டது. யூரியாவும் பொட்டாஷும் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும், கை விரல் மரத்துப்போகிற அளவுக்கு. மண் அடியில் தங்கியது, கந்தகம் மேலே மஞ்சளாகப் பரவியது. டீ வடிகட்டியால் ஏந்தி எடுத்து இன்னொரு டப்பின் நல்ல தண்ணீரில் உதறினால், கூடவே ஒட்டி வந்த மண் அங்கே இறங்கும். மேலே நிற்பதை மறுபடி ஏந்தி, பழைய வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். சிவப்புப் பொட்டாஷில் இருக்கும் இரும்புத் துரு மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டு, சில இடங்களில் மஞ்சளை ஆரஞ்சாக்கிவிட்டது. தூவுவதற்கு அது தடையில்லை.

இப்படி எடுத்ததுதான் லாபம். தூள் தூளாகவே கிடைக்கிறது. 100 கிராம் குப்பைக்கு 41 கிராம் என்ற கணக்கில் மிதந்து வந்தது. ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்ததை மெல்லிய துணிப் பையில் கட்டிப் பழையபடி மரத்தில் தட்டித் தூவலாம். காலை வெயில் ஏறுவதற்குள் தூவிவிட வேண்டும். வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் பூவையும் தளிரையும் சுட்டுவிடும்.

உரம் கரைந்த தண்ணீரை வீணாக்கவில்லை. இன்னும் நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்துத் தென்னம்பாத்தியில் விட்டாயிற்று.

அடியில் தங்கியது

மூழ்கியது எல்லாம் மண் என்று நினைத்தால் தப்பு. வண்டலைக் கையில் எடுத்துத் தேய்த்தால் மஞ்சள் தெரிகிறது. மண்ணோடு ஒட்டிய துகள், எலிப் புழுக்கையின் ஈரத்தில் நனைந்த துகள் எல்லாம் அடிக்குப் போயிருக்கிறது. போதாததற்கு, நனையும் கந்தகம் ஒரு பாக்கெட்டும் அந்த மூலையில்தான் உடைந்திருந்தது. தண்ணீரில் கலந்து தெளிப்பதற்காக, நனைக்கும் சரக்கைச் சேர்த்தே தயாரிக்கிற கந்தகம் அது. அதை மிதக்கச் சொன்னால் மிதக்குமா?

எவ்வளவு கந்தகம் ஒளிந்திருக்கிறது என்று அளக்கத்தான் கரைப்பான் தேவைப்பட்டது. கையில் கிடைத்தவற்றை எல்லாம் சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகைக் கந்தகத்தோடு போட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கொஞ்சம் கரைத்தது. தேங்காய் எண்ணெய் குளிர்ந்திருக்கையில் சும்மா கலங்கலாக நின்றது, சூடாக்கினால் தெளிந்தது, ஆறினால் மறுபடி பொடிப் பொடியாகக் கந்தகத்தைக் கக்கியது. சிரங்குக்கு வீட்டில் காய்ச்சும் கந்தக எண்ணெயில் அடியில் படிவதும் இதுதான். எண்ணெயை ரொம்பச் சூடாக்கினால் கந்தகம் எண்ணெயோடு வினைபுரிந்து கறுத்துவிடும், அப்புறம் அதைப் பிரிக்க வழியில்லை.

நல்ல வேலை செய்தது டொலுயீன். ஓசூரில் ரசாயனக் கடையில் அரை லிட்டர் வாங்கினேன். அறை வெப்பத்தில் 100 கிராம் டொலுயீன் 2 கிராம் அளவுக்குத்தான் கந்தகத்தைக் கரைக்கும், கார்பன் டை சல்ஃபைடின் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் சூடு ஏற ஏறக் கரைதிறன் பல மடங்கு கூடும், ஆறினால் கூடுதலாகக் கரைந்த அத்தனையும் வெளியே வந்துவிடும். எனக்குத் தேவையும் அந்த இறக்கம்தான். எப்போதும் 40 கிராமைப் பிடித்து வைத்துக்கொள்கிற திரவம் என்றால் கடைசிவரை வற்ற விட வேண்டும்.

டொலுயீனும் சாதுவில்லை. அதன் ஆவி சாதாரண வெப்பத்திலேயே தீப்பிடிக்கும், முகர்ந்தால் தலை சுற்றும். அதனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை. வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தோடு தூக்கிவந்து மரத்தடியில் வைத்து, காற்றோட்டத்தில் அதில் குடுவையை இறக்கினேன். நன்றாக உலர்த்திய வண்டல் 10 கிராம், சூடான டொலுயீன் 50 மில்லி. கலக்கி, வடிதாளில் வடிகட்டி, மறுபடி ஊற்றி வடிகட்டினேன்.

வடிகட்டும்போது புனல் மக்கர் செய்தது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் கரைசல் சூடு இழந்து, புனலின் தண்டுக்குள்ளேயே கந்தகம் படிகமாகி அடைத்துக்கொள்ளும். ஊசி விட்டுக் குத்த வேண்டியதாயிற்று. புனலையும் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்த பிறகு தடையில்லாமல் இறங்கியது. வடிந்த கரைசலைத் துணியில் சுற்றி மெதுவாக ஆறவிட்டதில், குடுவையின் அடியில் கண்ணாடித் தெளிவோடு மஞ்சள் படிகங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டிய வடிவம், விளிம்பு கூர்மையாக, பட்டை தீட்டிய மாதிரி. சாய்சதுரக் கந்தகம் என்று படத்தில் மட்டும் பார்த்திருந்த உருவம்.

தாளில் மிஞ்சிய மண்ணை வெளியிலேயே உலர்த்தி நிறுத்தால் 7.2 கிராம். ஆக, வண்டலில் 28 சதவீதம் கந்தகம். 100 கிராம் குப்பையில் மூழ்கிய 32 கிராமுக்கு இது 9 கிராம். மிதந்த 41-ஐயும் சேர்த்தால், கூட்டி அள்ளியதில் சரிபாதி கந்தகம்தான்.

மூன்று கிலோவுக்கு மேல் இருந்த வண்டலை முழுக்க டொலுயீனில் கரைக்கலாமா என்றால், கூடாது. லிட்டர் லிட்டராகத் தீப்பிடிக்கும் திரவத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், ஒரு கிலோ கந்தகத்துக்காக. அளந்து பார்க்க அது போதும். வேலைக்கு வேறு வழி வேண்டும்.

குக்கர்

கந்தகம் உருகுவது 115 டிகிரியையொட்டி, மண் எதற்கும் உருகாது. நேரே அடுப்பில் உருக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. அதில் சிக்கல், சட்டியின் அடி எவ்வளவு சூடாகிறது என்று நம் கையில் இல்லை. 120 முதல் 150 டிகிரி வரை உருகிய கந்தகம் நல்லெண்ணெய்போல் ஓடும். 159-ஐத் தாண்டினால் வளையங்கள் அறுந்து நீளச் சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும், நிறம் கறுக்கும், கிளறவே முடியாதபடி கெட்டியாகும். அதைக் குளிர்ந்த நீரில் கொட்டினால் இழுபடும் ரப்பராகும், அந்த வகை கார்பன் டை சல்ஃபைடில்கூடக் கரையாது. இன்னும் ஏறி 230 டிகிரியைத் தாண்டினால் தானே பற்றிக்கொள்ளும்.

அடுப்படியில் இருக்கிற ஒரு சாமான் சூட்டை ஒரு எல்லைக்கு மேல் ஏறவிடாது. பிரஷர் குக்கரில் வெயிட் தூக்கும்போது உள்ளே நீராவி சுமார் 120 டிகிரி. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரம், அதனால் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளலாம். உருகுநிலைக்குக் கொஞ்சம் மேலே, ஆபத்துக்கு வெகு கீழே. அமெரிக்காவில் ஹெர்மன் ஃபிராஷ் என்பவர் 1894-இல் லூசியானாவில் நிலத்தடியில் கிடந்த கந்தகத்தை எடுத்ததும் இதே வித்தைதான். அழுத்தத்தில் 160 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தண்ணீரைக் குழாயில் இறக்கி, கந்தகத்தை அங்கேயே உருக்கி, காற்றை அடித்து மேலே கொண்டுவந்தார். பிற்காலத்தில் கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் கந்தகத்தை நீக்க வேண்டிவந்தபோது அதுவே மலிவாகக் கிடைக்க ஆரம்பித்து, ஃபிராஷின் கிணறுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

"வீட்டுக் குக்கரைத் தொட்டியோ, அப்புறம் சோறு நீயே ஆக்கிக்க" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நியாயம்தான், இந்த வேலைக்குப் பயன்படுத்திய பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரக்காரரிடம் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று எடுத்து, புது கேஸ்கெட்டும் புது சேஃப்டி வால்வும் போட்டு, வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் கொஞ்சம் தண்ணீர். டம்ளர் வாயில் எவர்சில்வர் டீ வடிகட்டி, அதில் ஈர வண்டல். வண்டல் கொதித்துத் தெறித்து மூடியின் ஆவித் துளையை அடைத்துவிடக் கூடாது என்று மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். இந்தத் தட்டு இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம், அடைபட்ட குக்கர் வெடிகுண்டுதான். வெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அடுப்பு. வெயிட் தூக்கிய பிறகு தீயைச் சிறிதாக்கி முக்கால் மணி நேரம். அணைத்தபின் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றவில்லை, தானாக முழுக்க ஆறும்வரை விட்டேன்.

திறந்தால் டம்ளரின் அடியில், தண்ணீருக்குக் கீழே, அரை அங்குலக் கனத்தில் கந்தக வில்லை. நடுவில் சிறு குழி, இறுகும்போது கந்தகம் சுருங்குவதால் வருவது. மேற்பரப்பில் ஊசி ஊசியாகக் கோடுகள். அன்று தேன் நிறத்தில் லேசாக ஒளி ஊடுருவியது, மறுநாள் வெளுத்து மங்கலாகிவிட்டது. உருகி இறுகும்போது முதலில் வருவது ஊசிக் கந்தகம். 95.5 டிகிரிக்குக் கீழே அது நிலையாக இருக்காது, ஊசியின் வெளி உருவம் அப்படியே நிற்க, உள்ளே பொடிப்பொடிச் சாய்சதுரப் படிகங்களாக மாறிவிடும். அதனால்தான் அந்த மங்கல். சோதனைக்கு வில்லையில் ஒரு துணுக்கை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய டொலுயீனில் போட்டேன், மிச்சம் வைக்காமல் கரைந்தது.

நாட்டு மருந்தில் கந்தகத்தைச் சுத்தி செய்வதும் இந்த வழிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நெய்யில் உருக்கி, பானை வாயில் கட்டிய துணி வழியாகப் பாலில் சாய்ப்பார்கள். கல்லும் மண்ணும் துணியில் நிற்கும், கந்தகம் பாலுக்குள் இறங்கி இறுகும். அந்த மருந்து செய்முறைக்குள் நான் போகவில்லை, என் வில்லை சாப்பிடுவதற்கானதும் இல்லை.

குறையும் உண்டு. வடிகட்டியில் தங்கும் சேற்றில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. களிமண் உருகிய கந்தகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, எவ்வளவு நேரம் வைத்தாலும் கொஞ்சம் விடாது. ஒரு ஈட்டுக்கு ஒரு டம்ளர்தான். வில்லையைத் தூவவும் முடியாது. இடித்துத் தூளாக்கலாம் என்றால், இரும்பு உலக்கையில் கந்தகம் இடிக்கிற தைரியம் எனக்கில்லை. போதுமான அளவு வில்லை கிடைத்ததும் குக்கரை நிறுத்திவிட்டேன்.

மீதி சேறு சுண்ணாம்போடு

பாகலூர்ப் பக்கம் ரோஜா போட்டிருக்கும் மச்சான், கவாத்து செய்ததும் குச்சியில் அடிக்கச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் கரையாத கந்தகத்தைத் தண்ணீரிலேயே இறக்கும் வழி இது. உண்மையில் கரைவதில்லை, சுண்ணாம்போடு வினைபுரிந்து கால்சியம் பாலிசல்ஃபைடு ஆகிறது, அது நீரில் கரையும். மண் வினைபுரியாமல் அடியில் நிற்கும். பிரிப்பதும் மருந்து காய்ச்சுவதும் ஒரே வேலையில் முடிகிறது.

பழைய அளவு: சுட்ட கல் சுண்ணாம்பு 1 பங்கு, கந்தகம் 2 பங்கு, தண்ணீர் 10 பங்கு, எடைக் கணக்கில். சேற்றில் எத்தனை சதவீதம் கந்தகம் என்று டொலுயீன் சோதனை சொல்லிவிட்டதால், சுண்ணாம்பைக் கண் மதிப்பாகப் போடத் தேவைப்படவில்லை. இரும்புக் கொப்பரைதான் சரி, அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், செம்பும் பித்தளையும் கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். முதலில் சுண்ணாம்பை நீற்றி, அது கொதிக்கும் சூட்டிலேயே சேற்றைப் போட்டுக் கலக்கி, மண் அதிகம் என்பதால் தண்ணீரும் கூட ஊற்றி, ஒரு மணி நேரம் காய்ச்சினேன். முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் கருஞ்சிவப்பு. ஆவியாகிப் போகும் அளவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரும். திறந்த வெளியில், காற்று நமக்குப் பின்னாலிருந்து அடிக்கும்படி நின்றுகொள்வது முக்கியம்.

தெளிந்ததை இறுத்து எடுத்த பிறகு கொப்பரையில் நின்றது சாம்பல் நிற மண்ணும் சுண்ணாம்பும், மஞ்சள் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தக் கரைசலில் அமிலம் விட்டால் கந்தகம் பால்போல் வெள்ளையாகப் பிரியும் என்பது பாடம். செய்யாதீர்கள். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அதிகமானால் அந்த வாயு மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஆள் விழுந்திருப்பார். ஒரு தட்டில் இரண்டு கரண்டி ஊற்றி வெளியில் வைத்தாலே போதும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பட்டு, மேலே வெளிறிய ஆடை கட்டும். அந்த ஆடையில் இருப்பது பிரிந்து வந்த கந்தகம்.

அந்த ஆடை கேனுக்குள்ளேயே கட்டினால் மருந்து வீணாகிவிடும். கேனைக் கழுத்துவரை நிரப்பி, மேலே மெல்லியதாக எண்ணெய் விட்டு மூடி, மச்சானிடம் கொடுத்திருக்கிறேன். அடிப்பதற்கு முன் எண்ணெயை இறுத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மருந்து எதுவும் அடித்த செடியில் சில வாரங்களுக்கு இதை அடிக்கக் கூடாது, இலை கருகும். தெளிப்பானில் முன்பு என்ன ஊற்றியிருந்தாலும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்ததில் செம்புக் கம்பி முனைகளெல்லாம் கறுத்திருந்தன, அதுவும் கந்தகத்தின் வேலைதான். எலக்ட்ரீஷியன் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். கந்தக டிரம் இப்போது அங்கே இல்லை, மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் இருக்கும் தனிச் சாய்ப்பில் இருக்கிறது.